பாரமில்லாத பானை

1

இந்த நாட்டில் கோடை தொடங்கியதும் கடை வாசல்களில் ஒரு சாமானை அடுக்கி வைத்துவிடுவார்கள். ஒரு அலுமினியத் தட்டு. அதற்குள் கரி. கரிக்கு மேல் மெல்லிய கம்பி வலை. நெருப்புக்குச்சியைக் கிழித்து வைத்தால் பற்றிக்கொள்ளும். கடற்கரையில் இருந்து மீனையோ இறைச்சியையோ சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டோடு கொண்டுபோய் எறிந்துவிட வேண்டியதுதான். எறிவதற்கென்றே தனியாக இரும்புத் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாமானின் பெயரே 'ஒருதரத்து அடுப்பு' என்ற பொருளில்தான் இருக்கிறது.

நான் இருப்பது நோர்வேயின் வடக்கில், ஒரு சிறிய துறைமுக ஊரில். மீன் தொழிற்சாலையில் முள் எடுக்கும் மேசையில் வேலை. இயந்திரச் சத்தத்துக்காகக் காதை மூடிக்கொண்டு நிற்கிற வேலை என்பதால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அது எனக்குப் பெரிய வசதி. சின்ன வயதிலிருந்தே நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வெட்கப்படுகிறவள் நான். இதை எழுதத் துணிந்ததும் வாசிக்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான்.

போன கோடையில் தொழிற்சாலைக்காரர் எல்லோரும் குடும்பங்களோடு கடற்கரைக்குப் போயிருந்தோம். சூரியன் மறையாத நாட்கள். சாப்பிட்டு முடித்து ஆட்கள் எழும்பத் தொடங்கியபோது, தட்டுகளில் கரி பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. ஓரங்களில் சாம்பல் பூத்து, நடுவில் இன்னும் சிவப்பு. என் கை தானாகவே பையைத் திறந்து, கொண்டுபோயிருந்த பிஸ்கட் தகரப் பெட்டியை எடுத்தது. இடுக்கியால் ஒவ்வொரு கரியாக எடுத்துச் சாம்பலைத் தட்டிப் பெட்டிக்குள் போட்டேன்.

என் மகன் தர்சனுக்குப் பதினேழு வயது. அவன் ஓடி வந்தான்.

"அம்மா, ப்ளீஸ். ஆக்கள் பாக்கினம்."

"கொஞ்சம் பொறு. இன்னும் எவ்வளவு கிடக்கு."

"அது குப்பை, அம்மா. கடையில மூட்டை மூட்டையா இருக்கு."

அதற்குள் என் மேசையில் வேலை செய்யும் இங்கர் என்ற பெண் பக்கத்தில் வந்துவிட்டாள். இதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். சொல்வதற்கு எனக்கு நிறைய இருந்தது. நோர்வேஜிய மொழியில் ஒரு சொல்தான் வந்தது. 'மறுபடியும்' என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள். பிறகு தன் தட்டையும் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது தர்சன் காரில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டான். ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தான். என் காலடியில் அந்தப் பெட்டி இருந்தது. மூடி இறுக்கிய கொஞ்ச நேரத்தில் உள்ளே நெருப்பு அடங்கிவிடும். அடங்குவதுதான், அழிவதில்லை. காற்றில்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரி காத்திருக்கும். இந்த விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் இந்த வயதிலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஏன் என்று மகனுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை.

2

எங்கள் வீடு திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தது. அப்பா இல்லை. அம்மா, அக்கா, அக்காவின் கணவர், நான். அத்தானுக்குத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் வேலை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் இருந்து எல்லோரையும் பகிடி பண்ணுவார்.

யுத்தம் தொடங்கிய பிறகு மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. விறகுக்குக் காட்டுப் பக்கம் போக ஏலாது, பாதையில் மறியல். அதனால் எங்கள் குசினியில் நெருப்புக்கு மரியாதை கூடியது. அம்மா சிரட்டைக் கரியில்தான் மீன் சுடுவா. சைக்கிள் கம்பிகளை வளைத்து அத்தான் செய்து கொடுத்த தட்டு ஒன்று இருந்தது. அதில் சூடை மீனை வரிசையாக அடுக்கி, மிளகாய்த்தூளும் உப்பும் புளியும் பூசிச் சுட்டால் ஒழுங்கை முழுக்க மணக்கும்.

மீனை இறக்கியவுடன் அம்மா சாப்பிட வர மாட்டா. முதலில் தணலைக் குறட்டால் எடுத்து ஒரு மண்பானைக்குள் போடுவா. மூடியை வைத்து, மூடியைச் சுற்றி ஈரத் துணியை இறுக்கிக் கட்டுவா. பிறகுதான் கை கழுவுவா. அடுத்த நாள் அதே கரி மறுபடியும் அடுப்புக்கு வரும்.

"தண்ணி தெளிச்சு அணைச்சா என்னம்மா? கெதியில வேலை முடிஞ்சிரும்" என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணி குடிச்ச கரி பிறகு நெருப்பைக் கண்டா அழும். வெடிக்கும், புகையும். மூச்சடைச்சு வைச்ச கரிக்கு அந்த நோய் இல்லை. தொட்டவுடன பிடிக்கும்" என்றா.

உண்மைதான். ஒருதரம் எரிந்து அடங்கிய கரி, புதுக் கரியைவிடச் சுருக்காகப் பற்றும். அதோடு இன்னொன்று. அதற்குப் புகை கிடையாது. புகைய வேண்டியதெல்லாம் முதல்தரமே புகைந்து முடிந்துவிடும். மிஞ்சுவது வெறும் சூடு. அந்த நாட்களில் நான் இதைக் கவனித்ததேயில்லை. கண் எரியாமல் மீன் சுடலாம் என்பதோடு சரி.

அந்தக் கரிப்பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பானை இருந்தது. அதில் அரிசி. ஒரே குயவரிடம் வாங்கிய ஒரே அளவுப் பானைகள். எந்த நேரமும் ஓட வேண்டி வரலாம் என்று அம்மா அரிசிப்பானையின் வாயையும் துணியால் கட்டி வைத்திருந்தா. இரண்டுக்கும் கட்டியது ஒரே பழைய நீலச் சேலையின் துண்டுகள்.

இனி என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

3

ஒரு மத்தியானம் ஷெல் விழத் தொடங்கியது. மாரி காலம், வானம் மூடியிருந்தது. முதல் ஷெல் தூரத்தில், இரண்டாவது பக்கத்து ஒழுங்கையில். அக்காவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தா. நான் துணிப் பையைத் தூக்கினேன்.

"தம்பி, அரிசிப்பானை!" என்று அம்மா அத்தானைப் பார்த்துக் கத்தினா.

குசினிக்கு ஜன்னல் இல்லை. அத்தான் இருட்டுக்குள் பாய்ந்து பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

வடக்கு நோக்கி நடந்தோம். அம்மாவின் பிறந்த ஊர் திரியாய். அந்தப் பக்கக் காட்டுக்குள் சனம் கொட்டில் போட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். முன்னுக்கு அம்மா, அம்மாவின் தோளில் சாய்ந்தபடி அக்கா, பிறகு நான், கடைசியில் அத்தான். சாம்பல்தீவுப் பாலம் தாண்டி, நிலாவெளி வரைக்கும் நடை. அதற்குப் பிறகு ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் இடம் கிடைத்தது. பிறகு மறுபடியும் நடை. வழி முழுக்க மழை தூறிக்கொண்டே இருந்தது. வழக்கமாக ஒரு நிமிடமும் சும்மா இருக்காத அத்தான் அன்றைக்குப் பகிடி ஒன்றும் விடவில்லை. பயத்தில் என்று நினைத்தோம்.

காட்டுக்குள் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. எங்களுக்கும் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மேலே கிடுகும் தறப்பாளும், நாலு பக்கமும் திறப்பு. அம்மா பானையை முன்னால் வைத்துத் துணியை அவிழ்த்து மூடியைத் தூக்கினா.

உள்ளே குனிந்து பார்த்தா. பிறகு கையை உள்ளே விட்டு ஒரு கரியை எடுத்து அத்தானின் முகத்துக்கு நேரே பிடித்தா.

"இதைத்தான் அவிச்சுத் தின்னப் போறமோ?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாள் முழுக்க மூட்டை சுமக்கிற மனிசனுக்கு அரிசியின்ர பாரம் தெரியாதோ தம்பி?"

"பயத்தில பாரம் தெரியேல்லை மாமி" என்றார் மெல்ல.

பக்கத்துக் கொட்டில்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இருப்பதில் கொஞ்சம் அரிசியும் தந்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அத்தானுக்குக் காட்டில் 'கரி முதலாளி' என்று பெயர். அம்மா அந்தப் பானையை மறுபடியும் கட்டி, பார்க்கவே பிடிக்காததுபோலக் கொட்டிலின் மூலையில் தள்ளி வைத்தா.

4

இங்கே நவம்பர் கடைசியில் சூரியன் போய்விடும். பிறகு ஜனவரி வரைக்கும் வராது. மத்தியானத்தில் மட்டும் வானத்தின் ஓரத்தில் நீல வெளிச்சம் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். நானும் இங்கு வந்த முதல் வருடம் நம்பாமல் ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

போன நவம்பரில்தான் அக்காவின் மகள் வதனி விடுமுறைக்கு எங்களிடம் வந்தாள். முதல்தரம் விசா மறுத்துவிட்டார்கள். இரண்டாந்தரம் ஆயிரம் கேள்வி. அவள் ஏன் திரும்பிப் போவாள் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அலுவலகத்துப் பெண்ணுக்கு முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தர்சன்தான் பக்கத்தில் இருந்து பேசினான். அவன் அங்கே பேசிய மாதிரி என்னோடு ஒருநாளும் பேசியதில்லை. எவ்வளவு சரளம், எவ்வளவு பொறுமை! அவனுடைய உலகம் அந்த மொழிக்குள் இருக்கிறது. நான் அதன் வாசலில் நிற்கிறேன். ஆனால் அன்றைக்கு அவன் எனக்காக அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

விமான நிலையத்தில் வதனியைக் கண்டதும் நான் அண்ணாந்து பார்த்தேன். தொலைபேசியில் முகம்தான் தெரியும். நேரில் பார்த்தால் ஆறடிக்குக் கிட்ட உயரம், அதற்கேற்ற உடம்பு, அரை விமான நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் குரல்.

"சித்தீ! என்ன இது, ஐஸ்பெட்டிக்குள்ள வந்து குடியிருக்கிறியள்?"

என்னைக் கட்டிப்பிடித்துத் தரையில் இருந்து தூக்கியே விட்டாள். அவளுடைய தோளுக்கு மேலால் நான் என்னுடைய இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தேன். ஒருகாலத்தில் இந்தக் கைகளில் ஒன்றுக்குள் அடங்கி இருந்தவள் இவள்.

5

வதனி பிறந்தது அந்தக் காட்டில்.

கொட்டில்களுக்குப் பொறுப்பாக மணியண்ணை என்று ஒருவர் இருந்தார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. பகலில் புகையோ இரவில் சுவாலையோ வெளியே தெரியக்கூடாது. ஆமியின் ஹெலிகொப்டர், ஹெலி என்போம், காட்டுக்கு மேலால் சுற்றிக்கொண்டிருக்கும். புகை கண்ட இடத்துக்குச் சுடும். அதனால் விடியற்காலை மூடுபனி இருக்கும்போது சமைப்போம். புகையும் பனியும் ஒன்றாகக் கலந்துவிடும். பனி விலகினால் அடுப்பை மண் போட்டு மூட வேண்டும். மழையில் விறகெல்லாம் ஊறிப்போய், பனி நேரத்தில்கூட அது நெருப்பாய் எரிவதைவிடப் புகையாய்ப் போனதுதான் கூட.

நடந்த நடையாலோ என்னவோ, அக்காவுக்கு நாள் வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. ஒரு காலைப்பொழுது, பனி விலகி வெளித்த பிறகு, குழந்தை பிறந்தது. அம்மாவும் பக்கத்துக் கொட்டில் பெண்ணும்தான் பார்த்தார்கள். குழந்தை அழுதது, ஆனால் பூனைக்குட்டியின் சத்தம்தான் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

நான் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு சின்ன மனிதப் பிறவியை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. தோல் சுருங்கி, உதடு நீலம் பூத்து இருந்தது. காலைத் தொட்டால் மழைத்தண்ணீரைத் தொட்ட மாதிரி. அக்கா நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அக்காவே குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பால் குடிக்கவில்லை. வாயைத் திறக்கவே அதற்குத் தெம்பில்லை.

"சூடு வேணும். சூடு இல்லையெண்டா பிள்ளை தங்காது" என்றா அம்மா. "ஒரு சட்டித் தணல் இருந்தாப் போதும்."

மணியண்ணை கொட்டிலுக்கு வெளியே மழைக்குள் நின்றார். கல்மனது இல்லாத மனிதர். கண் கலங்கித்தான் சொன்னார். "ஏலாது அம்மா. இந்த ஈர விறகை மூட்டினா அரை மைலுக்குத் தெரியும். சத்தம் கேக்குதெல்லே? ஒரு பிள்ளைக்காக இங்க இருக்கிற இவ்வளவு பிள்ளையளையும்..."

அவர் முடிக்கவில்லை. ஹெலியின் சத்தம் கிழக்கே, கடல் பக்கமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அடுத்த பனி வர ஒரு பகலும் ஒரு இரவும் இருந்தன. பிள்ளை அவ்வளவு நேரம் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போது அத்தான் மூலைக்குப் போனார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பானையை இழுத்து வந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

"மாமி, இதுக்குப் புகை இல்லையெல்லே?"

அம்மா அவரைப் பார்த்தா. பானையைப் பார்த்தா. பிறகு துணியை அவிழ்க்கவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தா.

மூடி இருந்ததால் கரி ஒரு துளி ஈரமும் படாமல் இருந்தது. அம்மா நாலு கரியைச் சட்டியில் அடுக்கி, நல்லெண்ணெய் நனைத்த திரித்துண்டை இடையில் செருகினா. நெருப்புப்பெட்டியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தா. கிழித்து வைத்தா. நான் ஊதினேன்.

ஒரு கரியின் ஓரத்தில் சிவப்பு ஊறியது. பிறகு பக்கத்துக் கரி. எங்கள் குசினியில் கடைசியாக மீன் சுட்ட அன்றைக்கு அடங்கிய நெருப்பு, அங்கே விட்ட இடத்திலிருந்து இங்கே தொடங்கியதுபோல இருந்தது எனக்கு.

மணியண்ணை சட்டியைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, கொட்டிலின் கூரைக்கு மேலே, பாலை மரத்தின் உச்சியைப் பார்த்தபடி நின்றார். மழைத்துளி அவருடைய திறந்த கண்ணுக்குள்ளே விழுந்தது. மற்ற ஆட்களும் தங்கள் கொட்டில்களில் இருந்து வெளியே வந்து மேலேதான் பார்த்தார்கள். ஹெலி கிட்ட வந்தது. இலைகள் ஆடின. நான் ஊதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அணைந்துவிடும் என்று பயம். சத்தம் எங்களுக்கு மேலால் வந்து, நின்று, பிறகு மேற்கே போய்த் தேய்ந்தது.

"ஒண்டுமில்லை" என்றார் மணியண்ணை. "கடவுளே, ஒரு நூல் புகைகூட இல்லை."

அம்மா தன் உள்ளங்கைகளைத் தணலுக்கு மேல் பிடித்துத் தேய்த்து, பிள்ளையின் பாதத்தில் வைத்தா. பிறகு வயிற்றில். பிறகு முதுகில். அம்மாவின் கை ஆறும்போது என் கை. என் கை ஆறும்போது அம்மாவின் கை. ஆற்று மணலைச் சட்டியில் சூடாக்கித் துணியில் முடிந்து அக்காவுக்கும் பிள்ளைக்கும் இடையில் வைத்தோம். திறந்த கொட்டில் என்பதால் கரியின் நச்சுக் காற்று உள்ளே தங்கவில்லை. அதுவும் நல்லதாய்ப் போயிற்று என்று இப்போதுதான் விளங்குகிறது.

பின்னேரம் உதட்டில் நிறம் வந்தது. பிள்ளை வாயைத் திறந்து தலையை அங்கும் இங்கும் திருப்பித் தேடியது. அக்கா அழுதாள். நான் என் கையைப் பார்த்தேன். கரியால் கறுத்து, சூட்டால் சிவந்து இருந்தது. அந்தக் கையாலா இது நடந்தது என்று நம்ப முடியவில்லை.

ஆனால் மழை விடவில்லை. பானையில் இருந்த கரிதான் பிள்ளையின் ஆயுள் என்று ஆகிவிட்டது. அம்மா சட்டியில் தணலைத் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட எரியவிடவில்லை. பிள்ளை சூடாகித் தூங்கியதும் தணலை எடுத்துப் பானைக்குள் போட்டு மூடுவா. குளிரத் தொடங்கியதும் மறுபடியும் எடுப்பா. ஒவ்வொரு தரமும் கரி சின்னதாகத்தான் வெளியே வந்தது. முதலில் சிரட்டைத் துண்டுகளாக இருந்தது, பிறகு புளியங்கொட்டை அளவு, பிறகு மிளகளவு. கரி சிறுக்கச் சிறுக்கப் பிள்ளை பெருத்தாள். காலையில் பானைக்குள் எட்டிப் பார்ப்பேன். பிறகு பிள்ளையின் கன்னத்தைப் பார்ப்பேன். எது முந்தும் என்று தெரியவில்லை.

கடைசியில் தூள்தான் மிஞ்சியது. அம்மா அதையும் விடவில்லை. கஞ்சித்தண்ணீரில் குழைத்து உருண்டை பிடித்து, நெஞ்சுச் சூட்டில் காயட்டும் என்று துணியில் கட்டி எங்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தா. அத்தான் நாலு உருண்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்தார்.

"கரி முதலாளி இப்ப முட்டையும் இடத் தொடங்கிட்டார்" என்று பக்கத்துக் கொட்டிலில் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த உருண்டைகளும் எரிந்தன. அவையும் முடிந்த அன்று விடிய, மழை விட்டிருந்தது. மரங்களுக்கு இடையால் வெயில் நிலத்தில் விழுந்த ஒரு இடத்தில், சேலையை விரித்து அம்மா பிள்ளையைக் கிடத்தினா. பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உரத்த குரலில் அழுதாள். மணியண்ணைதான் "சத்தம், சத்தம்!" என்று சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்.

அதன் பிறகு அத்தான் புதுக்கதை ஒன்று சொல்லத் தொடங்கினார். "நான் தெரிஞ்சுதான் மாமி தூக்கினனான். பிள்ளை பிறக்கப் போகுது, மாரி காலம், சூடு வேணுமெண்டு யோசிச்சுத்தான்." அம்மா கையில் கிடைத்ததை எறிவா. "கொழுப்பைப் பாருங்கோவன் இவருக்கு!" எங்கள் வீட்டில் இந்தக் கதை எப்போது சொல்லப்பட்டாலும் இந்த இடத்தில்தான் சிரிப்போடு முடியும். அம்மாவின் செத்தவீட்டிலும் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

6

வதனியின் பிறந்தநாள் அவள் இங்கே இருக்கும்போது வந்தது. கேக் வேண்டாம், மீன் சுடுவோம் என்றாள். வெளியே முழங்கால் அளவு பனி. என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். தர்சன் மண்வெட்டியால் பின்வளவில் ஒரு வட்டம் வெட்டித் தந்தான். நடுவில் இரும்பு அடுப்பை வைத்தோம். மத்தியானம் கழிந்து நீல வெளிச்சமும் போகிற நேரம்.

கோடையில் சேர்த்த தகரப் பெட்டியைக் கொண்டுவந்தேன். பழைய கரியைக் கீழே போட்டு, மேலே கொஞ்சம் புதுக் கரியை அடுக்கினேன். ஒரு குச்சிதான். பழையது உடனே பிடித்துப் புதியதற்கும் கொடுத்தது.

தர்சன் குனிந்து பார்த்தான். சிவந்த கரிக்கு நோர்வேஜிய மொழியில் 'குளூ' என்று தனிச் சொல் இருக்கிறது என்றான். இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. "எங்களுக்குத் தணல்" என்றேன். "தணல்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

எங்கள் தொழிற்சாலை மீனில் வதனி கொண்டுவந்த மிளகாய்த்தூளைப் பூசி அடுக்கினோம். அந்த நேரம் அத்தான் தொலைபேசியில் முகம் காட்டினார். அங்கே பின்னேரம் கழிந்து இருட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் மழை கொட்டும் சத்தம்.

"என்ன மச்சாள், பனிக்குள்ள நிண்டு கரி எரிக்கிறியளோ?"

"ஓம் அத்தான். பழைய கரி."

"பழைய கரியெண்டா முதல் மீன் எனக்கு. நான்தானே முதலாளி. அண்டைக்கு நான் யோசிச்சுத் தூக்கியிருக்காட்டி..."

"தொடங்கிட்டார்" என்று பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

வதனி அந்தக் கதையைத் தர்சனுக்கு முழுதாகச் சொன்னாள். நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவள் பனிக்குள் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தாள். தர்சன் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தொலைபேசிக்குக் கிட்டப் போனான்.

"பெரியப்பா, அரிசி பாரம். கரி பாரமில்லை. நீங்கள் அவ்வளவு தூரம் நடந்தனீங்கள். எப்பிடித் தெரியாமல் போகும்?"

அம்மா கேட்ட அதே கேள்விதான். ஆனால் அம்மா அதைக் கோபத்தில் கேட்டா. மற்றவர்கள் பகிடிக்குக் கேட்டார்கள். இவன் ஒருவன்தான் பதில் தெரிய வேண்டும் என்று கேட்டான். எங்கள் பகிடியும் மழுப்பலும் தெரியாத பிள்ளை.

திரையில் அத்தானின் முகம் அசையாமல் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும் தம்பி" என்றார் பிறகு. "சாம்பல்தீவுப் பாலத்தடியிலயே தெரியும். ஆட்டினாக் கடகட எண்டுது. கரிதான் எண்டு விளங்கிற்றுது. தண்ணிக்குள்ள எறிவம் எண்டு பாலத்தில நிண்டும் பாத்தனான்."

"பிறகேன் எறியேல்லை?"

"முன்னுக்கு மாமி நடக்கிறா. பிள்ளைத்தாச்சிப் பொம்பிளை நடக்கிறா. வெறுங்கையோட போய், அரிசியை விட்டிட்டு வந்திட்டன் எண்டு சொல்ல வெக்கமாய்க் கிடந்தது. தோளில ஏதாவது இருக்கட்டும் எண்டு தூக்கிக்கொண்டே வந்திட்டன். பிறகு பயத்தில தெரியேல்லை எண்டன். பிறகு தெரிஞ்சுதான் செய்தனான் எண்டன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெக்கம்தான் தம்பி. வேறை ஒண்டுமில்லை. வயசு போகப்போக அந்தப் பாலம்தான் கனவில வருது. சில நாள் கனவில எறிஞ்சு போடுறன்."

நான் வதனியைப் பார்த்தேன். அவளுடைய முகத்தில் கீழிருந்து சிவப்பு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. பனி அவளுடைய தலைமயிரில் விழுந்து உருகியது.

"நல்லகாலம் அப்பா" என்றாள் கடைசியில். "நீங்கள் வெக்கங்கெட்ட மனிசனெண்டா நான் இல்லை."

அங்கே அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார்.

நான் சிரிக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றேன். நாலு பேருக்கு முன்னால் தலை நிமிர்த்தத் தெரியாதவள் என்று வாழ்நாள் முழுக்க என்னை நானே குறைவாக நினைத்திருக்கிறேன். ஊரிலேயே பெரிய வாய்க்காரர் எங்கள் அத்தான். அவர் ஒரு பாலத்தில் நின்று ஒரே ஒருதரம் வெட்கப்பட்டார். அந்த வெட்கம் இன்றைக்கு ஆறடி உயரத்தில் என் வளவில் நின்று மீன் தின்றுகொண்டிருந்தது. எனக்கு யாரையாவது கும்பிட வேண்டும்போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

"சித்தி, உங்கட முகம் விறைச்சுப் போச்சு" என்றாள் வதனி. கையுறையைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைகளையும் தணலுக்கு மேல் பிடித்துத் தேய்த்து, என் கன்னங்களில் வைத்தாள். அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மீன் முடிந்ததும் தர்சன் உள்ளே போனான். குளிருகிறது, போய்விட்டான் என்று நினைத்தேன். இடுக்கியோடு திரும்பி வந்தான்.

"சூடா இருக்கேக்கையே போடோணுமோ அம்மா?"

"ஓம். முதல்ல சாம்பலைத் தட்டு."

ஒவ்வொன்றாக எடுத்து, தட்டிப் பெட்டிக்குள் போட்டான். வதனி மூடியைப் பிடித்து அழுத்தினாள். எல்லோரும் உள்ளே போன பிறகு, கையுறைக்கு மேலாலும் சுடுகிற அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பாரமே இல்லை.